அண்ணா யுனிவர்சிட்டியா, டீம்டு யுனிவர்சிட்டியா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே தமிழ்நாட்டில் எல்லோரும் கல்வியாளர் ஆகிவிடுகிறார்கள். மாமா, சித்தப்பா, ட்யூஷன் சார், மாடி வீட்டு ரிட்டயர்டு ஆபீசர், ரேஷன் கடை க்யூவில் பின்னால் நிற்பவர் வரை! "பையன் கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்பார்கள். 180 என்றோ 170 என்றோ பதில் வந்ததும், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாக்கியம் சொல்வார்கள். ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் இந்த வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை.

"கவுன்சிலிங்ல போனா எங்கயோ ஒரு மூலைல தள்ளிடுவான் சார். நாலு காசு போனாலும் பரவால்ல, பெரிய யுனிவர்சிட்டில சேத்து விட்டுடுங்க. கேம்பஸ்லயே வேலை குடுத்துடறான்."

இந்த வாக்கியத்தை நம்பி எத்தனை காணி நிலம் கை மாறியிருக்கும், எத்தனை பவுன் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. எடுத்தால் நன்றாக இருக்கும். ஏனென்றால் இந்த வாக்கியத்தில் 'மூலை' தப்பு, 'நாலு காசு' தப்பு, 'பெரிய' தப்பு, 'குடுத்துடறான்' ரொம்பவே தப்பு.

முதலில் அந்த மூலை.

கவுன்சிலிங் என்பது யாரையும் எங்கேயும் 'தள்ளுகிற' ஏற்பாடு அல்ல. 1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்தது. அதன்படி கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு ஒரு எண் போட்டு, தரவரிசை போட்டு, 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி பிரித்து, பையனோ பெண்ணோ கேட்கிற கல்லூரியில் இடம் இருந்தால் கொடுக்கிறார்கள். கேட்பது மாணவர். தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்பா யாரென்றே யாருக்கும் தெரியாத பெண்ணும், சென்னையில் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே வரிசையில் நிற்கிற இடம் இந்த மாநிலத்தில் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று. சிபாரிசுக் கடிதத்தை வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாது. (சிபாரிசுக்குப் பழகிப்போனவர்களுக்கு இதன் மேல் இருக்கும் எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.) முன்பெல்லாம் ராத்திரி பஸ் பிடித்து கிண்டிக்கு வந்து, பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை வயிற்றைக் கலக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். 2018-லிருந்து அதுவும் இல்லை, எல்லாம் ஆன்லைன். 2007-லிருந்து நுழைவுத் தேர்வும் கிடையாது.

அந்த வரிசையின் தொடக்கத்தில் இருப்பவை எவை? 1794-ல் நில அளவைப் பள்ளியாக ஆரம்பித்த கிண்டி பொறியியல் கல்லூரி. 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1945-ல் தொடங்கிய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. 1952-ல் வந்த காரைக்குடி அழகப்பா கல்லூரி. அப்புறம் சேலம், திருநெல்வேலி, வேலூர், பர்கூர் அரசுக் கல்லூரிகள். அரசு உதவி பெறும் பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராசர். இதுதான் மூலை என்றால் நடுக்கூடம் எது என்று தெரியவில்லை!

சரி, 180 கட்-ஆஃபுக்கு கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, உண்மை. ஆனால் ஒரு அரசுக் கல்லூரியிலோ நல்ல தனியார் கல்லூரியிலோ ஏதோ ஒரு பிராஞ்ச் கிடைக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பிராஞ்ச் 'கம்ப்யூட்டர்' இல்லை என்பதற்காகத்தான் டீம்டு வாசலுக்கு ஓடுகிறார்கள். அதற்குப் பிறகு வருவோம்.

'பெரிய யுனிவர்சிட்டி' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டீம்டு யுனிவர்சிட்டி, தமிழில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பெயரே சொல்லிவிடுகிறது, பல்கலைக்கழகத்துக்கு நிகரானது என்று. 1956-ம் வருட பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-வது பிரிவு இதற்காக எழுதப்பட்டது. ஏதாவது ஒரு துறையில் ஆழமாக வேலை செய்கிற நிறுவனம் இருக்கும், ஆனால் எல்லாத் துறையும் சொல்லித்தரும் பல்கலைக்கழகமாக அது இருக்காது. அப்படிப்பட்டவற்றைக் கௌரவிக்கத்தான் இந்தப் பிரிவு. 1958-ல் முதலில் இந்த அந்தஸ்தைப் பெற்றவற்றில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் ஒன்று. 1964-ல் பிலானி பிட்ஸ். அந்தக் காலத்தில் இது பதக்கம் மாதிரி.

அப்புறம் 2000-க்குப் பிறகு என்ன ஆயிற்று? 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2001-ல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் எல்லாம் அண்ணா பல்கலையின் கீழ் வந்தன. ஒரே பாடத்திட்டம், வெளியிலிருந்து வரும் கேள்வித்தாள், வெளியில் திருத்தப்படும் விடைத்தாள், அரசு ஒதுக்கீட்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டிய இடங்கள் (சிறுபான்மை அல்லாத கல்லூரி என்றால் 65 சதவீதம்), குழு நிர்ணயிக்கிற கட்டணம்... ஒரு கல்லூரி முதலாளிக்கு இவையெல்லாம் எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்! நிகர்நிலை அந்தஸ்து கிடைத்துவிட்டால் இந்தத் தொல்லைகள் அனைத்திலிருந்தும் ஒரே நாளில் விடுதலை. பாடத்திட்டம் அவர்களுடையது. கேள்வித்தாள் அவர்களுடையது. திருத்துவதும் அவர்கள்தான். கவுன்சிலிங்குக்கு ஒரு இடம்கூடத் தர வேண்டாம். 69 சதவீதம் பற்றிக் கவலையில்லை. முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கட்டணச் சலுகை இந்த வாசலுக்குள் வராது. 2021-லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும், அவர்களுடைய கட்டணத்தை அரசே கட்டும் ஏற்பாடும் இங்கே கிடையாது.

ஆக, பதக்கமாக ஆரம்பித்த ஒரு விஷயம், பொது வரிசையிலிருந்து கழன்று கொள்ள ஒரு பின்கதவு ஆயிற்று. அந்தப் பின்கதவுக்கு கிரானைட் போட்டு, வளைவு கட்டி, ஃபவுண்டன் வைத்ததும் 'பெரிய யுனிவர்சிட்டி' என்கிறார்கள்.

2009-ல் மத்திய மனிதவள அமைச்சகம் டாண்டன் கமிட்டி என்று ஒன்றை வைத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்தது. 126 நிறுவனங்கள். அதில் 38-தான் அந்தஸ்துக்கு முழுத் தகுதி உள்ளவை. 44 நிறுவனங்களுக்கு மூன்று வருடம் அவகாசம். மீதி 44-க்கு அந்தஸ்தே இருக்கக்கூடாது என்றது அறிக்கை. அந்த 44-ல் 16 தமிழ்நாட்டில்! 2010 ஜனவரியில் இது உச்ச நீதிமன்றத்துக்குப் போய், செய்தி வந்த அன்று மாணவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அவற்றில் பல பிற்பாடு நல்ல கிரேடு வாங்கி இன்றும் நடக்கின்றன. சில உண்மையிலேயே தேறியும் இருக்கின்றன. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த பையனின் அப்பாவிடம் போய் 'பெரிய' என்பதற்கு அர்த்தம் கேட்டிருக்க வேண்டும்.

2017 நவம்பரில் இன்னொரு வேடிக்கை. நிகர்நிலை நிறுவனங்கள் பெயருக்குப் பின்னால் 'யுனிவர்சிட்டி' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மானியக் குழுவும் சுற்றறிக்கை அனுப்பியது. பிறகுதான் போர்டுகளில் பொடி எழுத்தில், அடைப்புக்குறிக்குள் 'நிகர்நிலை' என்று வந்தது. ஹைவேயில் எண்பதில் போகிற பஸ்ஸிலிருந்து அந்தப் பொடி எழுத்து யாருக்குத் தெரியப்போகிறது?

"ரேங்கிங்ல முன்னாடி இருக்கானே?" என்பார்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016-லிருந்து வருகிறது. பொறியியல் பிரிவில் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது? கற்பித்தலும் வசதிகளும் 30, ஆராய்ச்சி 30, படித்து முடித்தவர்களின் நிலை 20, எல்லாத் தரப்பினருக்கும் இடம் 10, 'பெயர்' 10. ஆராய்ச்சிக்கு 30 என்றால், கட்டுரைகள் எண்ணிக்கையில் குவிந்தால் மேலே போய்விடலாம். கட்டுரை எழுதுகிற பேராசிரியரை முதல் வருடப் பையன் நாலு வருடமும் பார்க்காமலே பட்டம் வாங்கிப் போகலாம். அது தவிர, இந்தக் கணக்குக்கான விவரங்களில் பெரும்பகுதியைக் கொடுப்பது அந்தந்த நிறுவனமே. நாக் கிரேடு? 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு நிறுவனத்துக்கு நல்ல கிரேடு போட லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. எல்லாக் கிரேடும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் ப்ராஸ்பெக்டஸில் தங்க நிறத்தில் அச்சடித்த எழுத்தைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் தேவையில்லை. பார்க்க வேண்டுமென்றால் என்.பி.ஏ. அங்கீகாரத்தைப் பாருங்கள். அது நிறுவனத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. 2014-ல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினரானது இந்த அங்கீகாரத்தை வைத்துத்தான். வெளிநாட்டில் மேற்படிப்பு, வேலை என்று போகிறவர்களுக்கு இது கைகொடுக்கும்.

இனி அந்த 'நாலு காசு'.

காசு என்றால் காசாகவே பேசிவிடலாம். சுயநிதிக் கல்லூரியில் கவுன்சிலிங் வழியாகச் சேருபவருக்கு 2017-ல் குழு நிர்ணயித்த கட்டணம் வருடத்துக்கு ரூ. 50,000, அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் ரூ. 55,000. நாலு வருடத்துக்கு இரண்டேகால் லட்சத்துக்குள். அரசுக் கல்லூரியில் அதைவிட எவ்வளவோ குறைவு. முதல் பட்டதாரி என்றால் அதிலும் சலுகை.

டீம்டில் ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு மூன்று லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம் (இது அதிகம் இல்லை, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இதைத் தாண்டுகிற இடங்கள் நிறைய). நாலு வருடத்துக்கு 12 லட்சம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கியில் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். வீட்டுப் பத்திரம் போகிறது. வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் வாங்கிய மூன்று லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி ஒன்றரை லட்சம். இரண்டாவது வருடத்ததற்கு 1.2 லட்சம், மூன்றாவதற்கு 90 ஆயிரம், நாலாவதற்கு 60 ஆயிரம். தனி வட்டிக் கணக்கிலேயே 4.2 லட்சம். ஆக, தவணை ஆரம்பிக்கும் அன்று கடன் 16.2 லட்சம். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதாமாதம் சுமார் 21,400 ரூபாய்.

கேம்பஸில் மொத்தமாக ஆள் எடுக்கும் ஐ.டி. கம்பெனிகள் புதியவர்களுக்குக் கொடுப்பது பல வருடமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பக்கம்தான் நின்றுகொண்டிருக்கிறது. பிடித்தம் போக மாதம் கையில் 25 ஆயிரம் தேறினால் பெரிது. அதில் 21,400 வங்கிக்கு. மீதியில் சென்னையிலோ பெங்களூரிலோ ரூம் வாடகை, சாப்பாடு, பஸ், ஊருக்கு அனுப்ப வேண்டியது. 22 வயதில் வேலைக்குச் சேருகிற பையன் 33 வயது வரை வங்கிக்காக வேலை பார்ப்பான். இடையில் வேலை பிடிக்கவில்லை, மேலே படிக்கலாம், சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று அவனுக்குத் தோன்றக் கூடாது. தோன்றினால் பத்திரம் போய்விடும். 'நாலு காசு' என்றவர் அப்போது ரேஷன் கடை க்யூவில் வேறு யாருக்காவது ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பார்.

"அதான் கேம்பஸ்லயே வேலை குடுத்துடறானே!"

யார் கொடுக்கிறார்கள்? கல்லூரியா? வேலை கொடுப்பது கம்பெனி. அதே கம்பெனி, அதே டெஸ்ட்டை வைத்து, அதே சம்பளத்துக்குத்தான் டீம்டிலும் எடுக்கிறது, ஒரு நல்ல அரசுக் கல்லூரியிலும் எடுக்கிறது. முதல் மாதச் சம்பளச் சீட்டில் கல்லூரிப் பெயருக்கென்று தனி அலவன்ஸ் ஏதும் கிடையாது. போர்டில் போடுகிற 'அதிகபட்ச சம்பளம்' ஒருவருக்கோ இருவருக்கோ கிடைத்தது. அந்த ஒருவர் எந்தக் கல்லூரியில் போட்டாலும் முளைத்திருப்பார். 'இத்தனை ஆயிரம் ஆஃபர்கள்' என்றால் அத்தனை ஆயிரம் பேர் என்று அர்த்தம் இல்லை. ஒரே பெண்ணுக்கு மூன்று ஆஃபர் வந்தால் அது மூன்று. '95 சதவீதம் பிளேஸ்மெண்ட்' என்றால் எதில் 95? சேர்ந்தவர்களிலா, கடைசி வருடம் அரியர் இல்லாமல் பதிவு செய்துகொள்ள அனுமதிக்கப்பட்டவர்களிலா? கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன வருடம் படிப்பை முடித்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு? இதைக் கேட்டதும் அட்மிஷன் கவுன்ட்டரில் இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கவே ஒருமுறை போய் வரலாம்.

ஆஃபர் வந்தாலே வேலை என்பதும் இல்லை. 2008-ல் அமெரிக்க வங்கிகள் விழுந்தபோது ஆஃபர் லெட்டரை பிரேம் போட்டு மாட்டியவர்கள் காத்திருந்தார்கள். 2022-லும் அப்படியே, ஆஃபர் வாங்கிய பலர் சேரும் தேதி வராமல் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தார்கள். வங்கிக்கு அதெல்லாம் தெரியாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பித்து இதோடு சேர்ந்தது. 2024-25-லிருந்து ஒரு பிராஞ்சுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. செக்‌ஷன் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகள் போதாமல் போகிற அளவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ். ஏ.ஐ. சேர்த்து ஒன்று, டேட்டா சயின்ஸ் சேர்த்து ஒன்று, சைபர் செக்யூரிட்டி சேர்த்து ஒன்று. பெயர்ப்பலகை மாற்ற ஒரு வாரம் போதும். அத்தனை செக்‌ஷனுக்கும் டேட்டா ஸ்ட்ரக்சர் ஒழுங்காகச் சொல்லித்தர ஆள் எங்கிருந்து வருவார்? போன வருடம் அதே கல்லூரியில் படித்து முடித்து, வேலை கிடைக்காதவர்தானே வருவார்? பழைய அரசுக் கல்லூரியில் எலெக்ட்ரிகலோ மெக்கானிகலோ படித்துவிட்டு ஐ.டி.க்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். டீம்டில் பத்தாவது செக்‌ஷனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு மோட்டார் லேபுக்குத் திரும்பிப் போக முடியாது.

எந்தக் கல்லூரி ரிசப்ஷனுக்குப் போனாலும் அப்துல் கலாம் படம் இருக்கும். டீம்டில் இன்னும் பெரிய சைஸில், கீழே கனவு காணச் சொல்லும் வாசகத்தோடு. அவர் படித்தது குரோம்பேட்டை எம்.ஐ.டி., இன்று அண்ணா பல்கலையின் சொந்தக் கல்லூரி, கவுன்சிலிங்கில் கிடைக்கிற இடம். சுஜாதாவும் அங்கேதான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். கலாம் சேரும்போது கட்ட வேண்டியிருந்தது ஆயிரம் ரூபாய் அளவு. அதற்கே அவருடைய அக்கா ஜொகரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பல லட்சத்துக்கு டி.டி. நீட்டும்போது யாராவது நிமிர்ந்து பார்த்தால் தேவலை.

இவ்வளவு சொன்னதால் அண்ணா பல்கலை என்றால் எல்லாம் சுத்தம் என்று ஆகிவிடாது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரம் நினைவிருக்கும். 353 ஆசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். சம்பந்தப்பட்ட கல்லூரிகள் 224. ஒரே ஆள் பத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளில்! கும்பகர்ணனை எழுப்பப் போனவர்கள்கூட இவ்வளவு இடத்துக்கு ஓடியிருக்க மாட்டார்கள். அத்தனையும் அண்ணா பல்கலை ஆய்வு செய்து அங்கீகாரம் கொடுத்த கல்லூரிகள். அதற்கு முன்னால் 2018-ல் மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மார்க் போட்டதாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கு. 2007-ல் பல்கலையைப் பல துண்டாக வெட்டி, 2012-ல் மறுபடி ஒட்டிய கூத்து வேறு. கல்லூரிகள் எண்ணிக்கை ஒரு காலத்தில் 500-ஐத் தாண்டியது, அதில் பலவற்றில் லேப் கதவைத் திறந்தால் வௌவால்தான் வரும்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்த அழுக்கெல்லாம் வெளியே வந்ததே அங்கே ஒரு பொதுக் கணக்கு இருப்பதால்தான். எந்த ஆசிரியர் எந்தக் கல்லூரியில் என்று அண்ணா பல்கலை தளத்தில் போட்டிருந்தார்கள். அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து ஒரு அமைப்பு கேள்வி கேட்டது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் பாஸ் என்று தேர்ச்சி விகிதம் வெளியாகிறது. பத்து சதவீதம்கூடப் பாஸ் ஆகாத கல்லூரி எது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். தானே கேள்வி போட்டு, தானே திருத்தி, தானே பட்டம் கொடுக்கிற இடத்தில் எல்லோரும் பாஸ். அங்கே எதை எதோடு ஒப்பிடுவது?

டீம்டு எல்லாமே மோசம் என்பதும் இல்லை. நல்ல லேப், நல்ல நூலகம், வெளிநாட்டுப் பல்கலையோடு நிஜமான தொடர்பு இருக்கும் இடங்கள் உண்டு. நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கி, கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி கிடைக்கிற பெண்ணோ பையனோ தாராளமாகப் போகலாம். அவர்கள் காசுக்குப் படிக்கவில்லை, பின்னால் வரும் ஆயிரம் பேர் கட்டும் காசில் படிக்கிறார்கள். சில இடங்களில் ரேங்க் இறங்க இறங்கக் கட்டணம் ஏறும். கடைசி ரேங்க்காரர்தான் எல்லோருக்கும் சேர்த்து மொய் எழுதுகிறவர். அந்தக் கடைசி ரேங்க்காரரின் அப்பாவிடம்தான் 'நாலு காசு' வாக்கியம் சொல்லப்படுகிறது.

இதில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. அதே வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் அப்படியே தலைகீழாக மாறிவிடும். "பொண்ணுக்கு எதுக்கு சார் அவ்ளோ செலவு? பக்கத்துல பஸ்ல போயிட்டு வர்ற மாதிரி ஒரு காலேஜ் பாருங்க." தம்பிக்கு 162 கட்-ஆஃப், அவனுக்கு டீம்டில் வருடத்துக்கு மூன்று லட்சம். அக்காவுக்கு 189, கோவை அரசுக் கல்லூரியில் ஹாஸ்டலோடு இடம் கிடைக்கும், செலவு தம்பியுடையதில் கால்வாசிகூட ஆகாது. ஆனால் 'அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது' என்று சாய்ஸ் லிஸ்ட்டிலேயே அந்தப் பெயரைப் போட விடுவதில்லை. பெண் விஷயத்தில் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, பையன் விஷயத்தில் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு பேர் படிப்புக்கும் அடகு போகிற நிலம் ஒன்றுதான். கூடுதல் மார்க் வாங்கியவள் உள்ளூர் கல்லூரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், குறைந்த மார்க் வாங்கியவனுக்காக வாங்கிய கடனைக் கட்டக் கடைசியில் அவளுடைய சம்பளமும் போகும். இப்படி நடக்கும் வீடுகள் ஒன்றிரண்டு என்றால் பேசாமல் விட்டுவிடலாம்.

இந்த முடிவுகள் எல்லாம் ஏன் இவ்வளவு அவசரமாக எடுக்கப்படுகின்றன என்று பார்த்தால், அதுவும் தற்செயல் இல்லை. டீம்டு நுழைவுத் தேர்வுகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் முடிந்துவிடும். உடனே போன் வரும். 'இடம் சீக்கிரம் போயிடும் சார், மூணு நாளைக்குள்ள கட்டிடுங்க.' கவுன்சிலிங் தரவரிசை அதற்குப் பிறகுதான் வரும், இடம் ஒதுக்குவது அதற்கும் பிறகு. கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிற அந்த ஒன்றிரண்டு மாத பயத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. கட்டிய பிறகு கவுன்சிலிங்கில் நல்ல இடம் கிடைத்தாலும், 'கட்டின காசு போயிடுமே' என்று அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.

அந்தக் காசு போகாது. 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதி, நிகர்நிலை நிறுவனங்களுக்கும் பொருந்தும். சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்னால் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், பிடித்தம் அதிகபட்சம் ரூ. 5,000. 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி கடந்து 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. அதற்குப் பிறகுதான் ஒன்றும் கிடையாது. ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இல்லை, சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும். 'அட்மிஷன் ஆபீசர் ஊர்ல இல்ல, அடுத்த வாரம் வாங்க' என்று இழுத்தால் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். இமெயிலும் ஒன்று தட்டி விடுங்கள். நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.

கவுன்சிலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் செய்யும்போது எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், ஆனால் வரிசை முக்கியம். கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து வரிசைப்படுத்தக் கூடாது, எது வேண்டுமோ அதை முதலில் போட வேண்டும். ஒதுக்கீடு வந்தபின் 'இதை ஏற்றுக்கொள்கிறேன், மேலே உள்ளது காலியானால் அதற்கும் காத்திருக்கிறேன்' என்று சொல்லவும் வழி இருக்கிறது. இன்டர்நெட் சென்டர்காரரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு 'நீங்களே பாத்துப் போடுங்கண்ணே' என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அண்ணனுக்கு எந்தக் கல்லூரி கமிஷன் தருகிறது என்று யாருக்குத் தெரியும்.